மூன்றாவது கட்சி எங்கே வளரும்?

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் மக்கள் எவ்வளவு சலித்துக்கொண்டாலும் அதே இரண்டு கட்சிகள்தான். இங்கே மலேசியாவிலும் சின்னக் கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீண் என்கிறார்கள். வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் ஓட்டுப் போடும் முறை வந்தால் இது மாறுமா? வெறுத்துப்போய் 2022இல் நான் ஓட்டுப் போடவில்லை.

க., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள க.,

உன் வயதில் இதையெல்லாம் யோசிப்பதே சந்தோஷம். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்றால் மூன்றாமவரைப் பிடித்தவரும் கடைசியில் பயந்து முதல் இருவரில் ஒருவருக்குத்தான் போடுவார். பிரெஞ்சு அறிஞர் டுவெர்ஜே 1951லேயே இதை எழுதிவிட்டார். வரிசை முறை அந்தப் பயத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் 1918 முதல் அது இருக்கிறது. ஆட்சி இன்றும் இரண்டு தரப்புக்குள்தான் கைமாறுகிறது. நியூசிலாந்து 1996 தேர்தலில் செய்ததுபோல் கட்சி வாங்கும் ஓட்டுக்கேற்ப இடம் கொடுத்தால் சின்னக் கட்சிகள் பிழைக்கும். சரி, அமெரிக்கா போதும்.

பினாங்கில் ஜாலான் டி.எஸ். இராமநாதன் என்று ஒரு சாலை உண்டு. யார் அவர் என்று கேட்டால் இங்கே பலருக்குத் தெரியாது. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது முதல் மேயர், தொழிற்கட்சிக்காரர். என் அப்பா நாடாளுமன்றத்துக்குக் ஆளும் கூட்டணியின் கப்பல் சின்னத்தில் போடுவார், நகர மன்றத்துக்குத் தொழிற்கட்சிக்குப் போடுவார். கேட்டால், "நாட்டை ஆள்றவன் வேற, சாக்கடையப் பாக்கிறவன் வேற" என்பார். அந்தக் கட்சி இருந்த சோசலிச முன்னணி 1964 பொதுத்தேர்தலில் சுமார் 16 விழுக்காடு ஓட்டு வாங்கியும் கிடைத்தது 2 இடம். ஆனால் ஊருக்குள் அதற்கு வேர் இருந்தது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டம் கதவையே சாத்திவிட்டது. வேர்விட இடம் இல்லாமல் மூன்றாவது கட்சி எப்படி வளரும்? எண்ணும் முறையை மட்டும் மாற்றி என்ன ஆகப்போகிறது?

அப்புறம், அந்தக் கடைசி வரி. "வெறுத்துப்போய்" என்று எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது. டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமனம். பினாங்கில் இருக்கும் எனக்காவது இரண்டு ஓட்டு. உனக்கு மொத்தமே ஒன்றுதான், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதையும் வீட்டில் உட்கார்ந்து வீணடித்துவிட்டு, சின்னக் கட்சிக்குப் போட்டால் வீணாகுமா என்று என்னிடம் கேட்கிறாய்.

அடுத்த தேர்தலில் செந்தூலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்தி, நகர மன்றத் தேர்தல் எப்போது வரும் என்று கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.