பஸ்ஸில் போகும் பிசி

கேள்வி: விடுதியில் படிக்கிறேன். நானே கோத்த கேமிங் பிசியை மாதாமாதம் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். மதர்போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. எந்த கேபினெட் வாங்கலாம்?
– கோவை வாசகர்

பதில்: முதலில் ஸ்கேலை எடுங்கள், தம்பி. உங்கள் போர்டு 244 மி.மீ. வரை இருக்கும். தூக்கிப்போக வசதியான பல குட்டி கேபினெட்டுகளில் 170 மி.மீ. மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன போர்டுதான் உட்காரும். போர்டை மாற்றச் சம்மதம் என்றால், என் ஓட்டு கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட்டுக்கு. கொள்ளளவு சுமார் 18 லிட்டர்தான், 330 மி.மீ. நீள கிராஃபிக்ஸ் கார்டு வரை நுழையும். பவர் சப்ளையும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவுக்கு மாற வேண்டும், அது தனிச் செலவு. கைப்பிடி கிடையாது, நல்ல தோள்பை பாருங்கள்.

கண்ணாடிக் கதவு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கார்டைக் கழற்றாமல் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உள்ளே 'டொக்' என்றது. வீட்டில் திறந்தால், ஸ்லாட்டின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து மின்விசிறிக்கு அடியில் கிடந்தது. இப்போதெல்லாம் கார்டு, நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டாட்டிக் உறையில், என் லுங்கிக்கு நடுவில்தான் பயணம் செய்கிறது. கேபினெட் மடியில், டிக்கியில் இல்லை.