கொய்யா மரத்துக்கு நேராக ஒரு வடிகால்

கேள்வி: எங்கள் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீர், 22 ஆண்டுகளாகப் பின்வீட்டு நிலத்தில் உள்ள வாய்க்கால் வழியாகத்தான் தெரு லோங்காங்கில் (சாக்கடையில்) போய்ச் சேர்கிறது. நிலத்துக்காரரான சீனப் பெரியவர் ஒருநாளும் தடை சொன்னதில்லை. சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். கோலாலம்பூரில் இருக்கும் அவருடைய மகன் நிலத்தை விற்கப் போகிறாராம். என் பையன் இணையத்தில் ஒரு வடிகால் ஒப்பந்தப் படிவத்தைத் தேடிப் பிடித்து, நிரப்பி, அச்செடுத்து வைத்திருக்கிறான். பெரியவரின் மகனும் கையெழுத்திடச் சம்மதிக்கிறார். இது போதுமா, அக்கா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: போதாது, அம்மா. நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். அது அமெரிக்கப் படிவம். 'கவுண்டி' (அந்நாட்டு மாவட்டம்) என்று கேட்ட இடத்தில் உங்கள் பையன் 'செபராங் பிறை தெங்கா' என்று எழுதியிருக்கிறான். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்டில் இத்தகைய ஒப்பந்தத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கவுண்டிப் பதிவேட்டில் ஏற்றினால், பொதுவாக அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். நம் மலேசியாவில் இரண்டு பேர் எழுதிக்கொண்ட தாள் அந்த இரண்டு பேரைத்தான் கட்டும். நிலத்தை வாங்குகிறவர் 'எனக்கென்ன தெரியும்?' என்று கேட்டுவிடலாம்.

'22 ஆண்டுகள் ஓடிய தண்ணீராயிற்றே, உரிமை வந்திருக்காதா?' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுப் பழக்கத்தை உரிமையாக ஏற்கிறது. நம்முடைய 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பழக்கத்தால் இந்த உரிமை வராது என்று அதன் 284ஆம் பிரிவு வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறது. நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான படிவம்தான் பாரம் 17ஏ. அதை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அடுத்தவர் நிலத்தை இப்படிப் பயன்படுத்தும் உரிமைதான் ஈஸ்மெண்ட், மலாயில் இஸ்மென். பதிவாகிவிட்டால் உரிமை மனிதரோடு போகாமல் நிலத்தோடு நிற்கும்.

நான் 31 ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவள். ஆனாலும் ஜெலுத்தோங்கில் எங்கள் அப்பா பக்கத்து வீட்டாரின் வாய்ச்சொல்லைத்தான் நம்பியிருந்தார். வீடு கைமாறியது. புதிதாக வந்தவர் கார் நிறுத்துவதற்காக வாய்க்காலின் மேல் சிமெண்டைக் கொட்டினார். அந்த வருட மழையில் அம்மாவின் அரிசி டின் சமையலறையில் மிதந்தது.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், இன்று யார் பெயர் இருக்கிறது? பெரியவர் பெயரே இருந்தால், மகன் என்பதாலேயே அவர் கையெழுத்திட முடியாது. உயில் இருந்தால் நீதிமன்றம் அதை உறுதிசெய்திருக்க வேண்டும்; இல்லையென்றால் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் அவருக்கு முறைப்படி வந்திருக்க வேண்டும். நில அலுவலகத்தில் 'சாரியான்' (பதிவேட்டுத் தேடல்) செய்து பாருங்கள், பெயர் தெரிந்துவிடும். நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் அதுவும் அதில் தெரியும். அப்படியானால் வங்கியிடமும் பேச வேண்டியிருக்கும்.

பையனின் உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. யார் தூர்வாருவது, உடைந்தால் யார் செலவு, எத்தனை நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு உள்ளே வருவது என்பதையெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறான். அந்தப் பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாய்க்கால் எங்கே என்பதற்கு 'கொய்யா மரத்துக்கு நேராக' என்று எழுதியிருக்கிறானே! வாங்குகிறவர் முதல் வேலையாக அந்த மரத்தை வெட்டினால்? எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும். எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர், அகலம் எவ்வளவு, திறந்த வாய்க்காலா குழாயா, தெரு லோங்காங்கை எந்த இடத்தில் தொடுகிறது, இரண்டு நிலங்களின் லாட் (மனை) எண்களும் என்ன என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கட்டும். உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்து வரைந்தால் பிறகு வாய்த்தகராறு இல்லை. வாய்க்கால் ஓரமாக வேலி போட்டு அந்தத் துண்டை உங்களுடையதாக்கிக்கொள்ள நினைக்காதீர்கள். ஈஸ்மெண்ட் தண்ணீர் போக வழி தரும், மண்ணைத் தராது. கழிவறை நீரையும் அதில் விடக்கூடாது. இந்த ஏற்பாடு மழைநீருக்கு மட்டும்.

பதிவு முடியும்வரை கைக்காவலுக்கு ஓர் ஒப்பந்தம் இருக்கலாம், தவறில்லை. கையெழுத்தான 30 நாட்களுக்குள் முத்திரை வரியைக் கட்டிவிடுங்கள். சாதாரண ஒப்பந்தத்துக்கு 10 வெள்ளிதான் (ரிங்கிட்). முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது.

இத்தனையும் விற்பனைக்கு முன் நடந்தாக வேண்டும். நிலம் மாறிய பிறகு நீங்கள் புது முகத்திடம் முதலிலிருந்து கேட்டு நிற்க வேண்டும்.

கேள்வி: மேல்மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் கூரையில் கசிகிறது. மேல்வீட்டாரோடு இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: எதற்கு ஐயா? கசிய அனுமதி கொடுக்கவா? அடுக்குமாடிக்கு 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டமும் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் இருக்கின்றன. நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கிடைத்த 7 நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்த்தாக வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை குறை மேல்வீட்டில்தான் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. புகாரின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்க மறக்காதீர்கள்.