மெய்யியல் செயற்றிட்டம்: தலைப்பை வாய்க்கால் அளவுக்குச் சுருக்குங்கள்

வணக்கம் அம்மா,

கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருந்து எழுதியிருந்தீர்கள். தரம் 12 கலைப்பிரிவில் படிக்கும் மகள் மெய்யியல் (தத்துவம்) செயற்றிட்டத்துக்கு "நீதி என்றால் என்ன?" என்று தலைப்பு எடுத்துவிட்டு, ஒரு பக்கமும் எழுத முடியாமல் இருக்கிறா என்கிறீர்கள். இங்கே புத்தகம் இல்லை, இன்ரநெற் இழுபடுகிறது, இதைப் படித்து என்ன வேலை என்றும் கேட்கிறீர்கள்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம், பேராதனை இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மெய்யியல் துறை இருக்கிறது. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் எடுத்தவரும் தோற்றலாம். சட்டம், ஆசிரியம், பத்திரிகை எல்லாவற்றிலும் ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு இடமுண்டு. பட்டம் எடுத்த அடுத்த நாளே வேலை கதவைத் தட்டும் என்று நான் சொல்லமாட்டேன். கலைப்பிரிவில் எந்தப் பாடத்துக்கும் அந்த உத்தரவாதம் இல்லை.

பிள்ளை திணறுவதற்குக் காரணம் புத்தகம் இல்லாதது அல்ல, தலைப்புத்தான். "நீதி என்றால் என்ன?" என்று தொடங்கினால் நெற்றில் பார்த்து எழுதுவதைத் தவிர வழியில்லை. வாசிக்கிற ஆசிரியருக்கு அது இரண்டாம் பந்தியிலேயே பிடிபட்டுவிடும்.

உங்கள் ஊரிலேயே ஒரு கேள்வி கிடக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர், மழை குறைந்த காலத்து நெற்செய்கையான சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் போதாது. எவ்வளவு ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். "தண்ணீர் போதாத சிறுபோகத்தில் எப்படிப் பங்கிட்டால் நீதி?" இதைத் தலைப்பாக வைக்கச் சொல்லுங்கள். கேள்வி சின்னதுதான், ஆனால் பழைய கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டிலைக் கூப்பிடாமல் பதில் சொல்ல முடியாது.

பங்கீடு விகிதப்படி அமையவேண்டும் என்றார் அவர். எதன் விகிதம் என்பதில்தான் சண்டை. காணியின் அளவா, வீட்டில் சாப்பிடுகிற வாய்களா, குளக்கட்டு வேலைக்கு வந்த நாட்களா? ஆங்கிலேய மெய்யியலாளர் பெந்தாமின் பயன்பாட்டுவாதம், அதாவது மொத்த நன்மை எதில் கூடுகிறதோ அதுவே சரி என்ற கொள்கை, வேறு கணக்குப் போடும்: கடைசிக் காணிக்குப் போகும் வழியில் வாய்க்காலிலேயே தண்ணீர் ஊறி வீணாகிறது, ஆகவே மேல்பக்கத்துக்குக் கொடுத்தால் மொத்த விளைச்சல் கூடும் என்று அதைக்கொண்டு வாதாடலாம். 1971இல் வெளிவந்த தன் நூலில் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் சொன்ன 'அறியாமைத் திரை'யை இதற்கு எதிரே வையுங்கள். உங்கள் காணி வாய்க்கால் தொடங்கும் இடத்திலா கடைசியிலா, சொந்தமா குத்தகையா, காணியே இல்லாத கூலியாளா நீங்கள் என்று எதுவுமே தெரியாத நிலையில் எந்த விதிக்குச் சம்மதிப்பீர்கள்? மகள் இந்த இடத்தில் குறைந்தது நான்கு பக்கம் நிற்கவேண்டும். செயற்றிட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை எங்கள் கமக்காரர் எதிர்த்த கதையை இதற்குள் இழுக்கவேண்டாம். அது தனிப்பெரும் பூசல். வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பந்தி.

வாசிப்புக்கு மூன்று நல்ல மூலங்கள் போதும். பாடநூல், ஆசிரியர் தரும் ஒரு கட்டுரை, பிறகு 'நூலகம்' எண்ணிம நூலகம். ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கி போனில் வைத்துக்கொள்ளலாம். எடுத்த குறிப்புக்குப் பக்கத்திலேயே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அப்போதே எழுதிவிடவேண்டும்.

பிறகு நாலைந்து பேரிடம் பேசவேண்டும். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் காணி உள்ள ஒருவர், கடைசியில் உள்ள ஒருவர், குத்தகைக்குச் செய்கிற ஒருவர், தனியாகக் கமம் செய்யும் ஒரு பெண். "உங்களுக்குத் தண்ணீர் வந்ததா?" என்பதோடு நிறுத்தினால் அது வெறும் கணக்கெடுப்பு. "அந்த முடிவு சரி என்று ஏன் நினைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டால்தான் மெய்யியல் தொடங்கும். பெயரை எழுதவேண்டாம். ஊருக்குள் தண்ணீர்க் கதை லேசில் ஆறாது.

தண்ணீர்த் தலைப்பு பிடிக்கவில்லை என்றால் முல்லைத்தீவு வற்றாப்பளை இருக்கிறது. கண்ணகை அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிகிறது என்பதைக் கண்டவர், கேட்டவர், கேட்டதையும் நம்பாதவர் என்று மூன்று வகையினர் உண்டு. காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற சைவசித்தாந்த அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, அதில் வைத்துப் பார்க்கலாம். எரிகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது பிள்ளையின் வேலை அல்ல. நம்புகிறவர் தன் நம்பிக்கைக்கு எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்பதே கேள்வி.

ஒன்றை மட்டும் மறிப்பேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் 'மன்னிப்பு' பற்றிக் கேட்டு எழுதும் யோசனை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளை ஒரு தாயிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது.

உங்கள் பங்கு, அம்மா: எழுதிக் கொடுக்கவேண்டாம், ரியூசன் சேரிடம் எழுதுவிக்கவும் வேண்டாம். இரவில் சாப்பிடும்போது மகள் சொல்வதற்கு எதிர்ப்பக்கம் நின்று வாதாடுங்கள். உங்களுக்கு அவ பதில் சொல்லத் திணறும் இடத்தை அடுத்த நாள் எழுதட்டும். தலைப்பு, மூன்று மூலங்கள், பேசப்போகும் ஆட்கள், எதிர்வாதம் ஒன்று, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி வரும் வெள்ளிக்குள் பாட ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் வெட்டிக்கொத்தித் திருத்தித் தந்த பிறகு முதல் ஆளிடம் போகலாம்.