முடிவை மாற்றலாமா?

அன்புள்ள ஐயா,

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (சதுரங்க ஆட்டக்காரர்கள்) கதையை மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு, சத்யஜித் ராய் 1977-இல் எடுத்த படத்தையும் பார்த்தேன். கதையில் சதுரங்கம் ஆடும் நண்பர்கள் இருவரும் வாளால் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். படத்திலோ சமாதானமாகி மறுபடியும் ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்படி மாற்றுவது, மறுப்புச் சொல்ல உயிரோடு இல்லாத ஆசிரியருக்குச் செய்யும் துரோகம் அல்லவா?

அன்புள்ள நண்பருக்கு,

1924-இல் வந்த அக்கதையின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். 1856-இல் அவத் அரசு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போகிறது. நவாப் சிறைபிடிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்படும்போதும் காய்களை விட்டு எழாத அந்த நண்பர்கள் மீரும் மிர்சாவும், ஆட்டத்தில் மூண்ட வாக்குவாதம் குலப்பெருமையை இழுத்ததும் வாளை உருவுகிறார்கள். அவர்கள் கோழைகள் அல்லர் என்று பிரேம்சந்த் அந்த இடத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார். அரசனுக்காக ஒரு துளிக் கண்ணீரும் விடாதவர்கள் பலகையின் வஜீருக்காக (மந்திரிக் காய்க்காக) உயிரை விடுகிறார்கள். பலகையிலிருக்கும் இரு அரசர்களும் அந்த வீரர்களுக்காக அழுவதுபோல் இருந்தது என்று அவர் முடிக்கும்போது, கண்டனத்தோடு ஓர் இரக்கமும் சேர்ந்துவிடுகிறது.

ராய் அந்தச் சாவை அவர்களுக்குத் தர மறுக்கிறார். மீரின் கைத்துப்பாக்கிக் குண்டு மிர்சாவின் சால்வையை உரசிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மனைவியரையே சமாளிக்க முடியாதவர்கள் கம்பெனிப் படையை எப்படிச் சமாளிப்பது என்று அவர்களுக்குள் பேச்சு வருகிறது. பிறகு, இம்முறை ஆங்கிலேய விதிப்படி, காய்களை அடுக்குகிறார்கள். வஜீர் விலக, அந்த இடத்துக்கு ராணி வருகிறாள். ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாத இம்முடிவுதான் எனக்கு அதிகக் கொடுமையாகத் தோன்றுகிறது, ஏனெனில் செத்தவர்களைப் பற்றிப் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். இவர்களோ புதிய ஆட்சியின் குடிகளாக இன்னும் பல ஆண்டுகள் வாழப் போகிறவர்கள். பிரேம்சந்த் அவர்களுக்கு விட்டுவைத்த தனிமனித வீரம் படத்தில் இல்லை என்பது இழப்புதான், மறுக்கவில்லை. ஆயினும் நாடு பறிபோகையில் பலகையை விட்டுக் கண்ணெடுக்காதவர்களின் மீதான குற்றச்சாட்டு இரண்டிலும் ஒன்றே. அவர்கள் கடைசி நொடியில் மனம் திருந்திப் படைக்கு ஓடுவதாகக் காட்டியிருந்தால் துரோகம் என்ற சொல்லை நானே முதலில் சொல்லியிருப்பேன்.

அதே இயக்குநரின் இன்னொரு மாற்றத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். தாகூரின் ‘நஷ்டநீட்’ குறுநாவலின் முடிவில், மைசூருக்குப் புறப்படும் கணவன் பூபதியிடம் சாரு தன்னையும் அழைத்துப்போகச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான், அவள் முகம் வெளிறுவதைக் கண்டபின் ‘வா’ என்கிறான். அவள் சொல்வது இவ்வளவே: ‘வேண்டாம், இருக்கட்டும்.’ அக்கதையைத் தழுவி 1964-இல் வந்த ‘சாருலதா’ படத்தில் அவளே அவனை உள்ளே வரச் சொல்லிக் கை நீட்டுகிறாள், இரு கைகளும் தொடுமுன் காட்சி உறைந்து நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் மனத்தை உலுக்கும் இடம் அது. என்றாலும் தயக்கத்தோடு வந்த இரக்கத்தை மறுக்க அவளுக்குத் தாகூர் கொடுத்த அந்தப் பதிலை எடுத்துவிட்டது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

அன்புடன்.