லெஸ்டரில் இருக்கும் பிசியோ தங்கச்சிக்கு

தங்கச்சி, பேராதனையில் பிசியோதெரபி முடித்து, இங்கிலாந்தில் பிசியோ வேலை பார்க்கத் தேவையான எச்.சி.பி.சி. பதிவும் எடுத்து, லெஸ்டரில் பேண்ட் 5 என்ற தொடக்கத் தர வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். மூட்டு, தசை நோய்களுக்குக் கைமுறைச் சிகிச்சை படிக்க ஆசை. சனி ஞாயிறு கோர்சுகளுக்குக் காசு கட்டுவதா, எம்.எஸ்சி. செய்வதா என்பது உங்கள் கேள்வி. நான் லண்டனில் பதினெட்டு வருசமாக இதே வேலை. இப்போது லீவில் வந்து, திருகோணமலை உவர்மலையில் அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

இந்த வருசம் இரண்டுக்கும் காசு கட்டாதீர்கள். முதலில் சோதித்துப் பார்க்கக் கை பழகட்டும்.

நான் லண்டனுக்குப் போய் இரண்டாம் வருசம், தோள் நோ என்று ஒரு அம்மா வந்தார். நீரிழிவுக்காரர். தசைநார்ப் பிரச்சினை என்று நினைத்து ஆறு கிழமை உருவிவிட்டு, றப்பர் பட்டியில் பயிற்சியும் கொடுத்தேன். நோ கூடியதுதான் மிச்சம். சீனியர் ஒருவர் வந்து, அவரின் முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து வைத்து, முன்னங்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். கொஞ்சத்திலேயே கதவு சாத்தினமாதிரி நின்றுவிட்டது. மூட்டுறை இறுகிய உறைந்த தோள். நீரிழிவுக்காரருக்கு அது அதிகம் வரும் என்று படித்திருந்தும், அந்தக் கையை நான் ஒருநாளும் அப்படித் திருப்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் நோகும்.

போன கிழமை பக்கத்து வீட்டு மாமா வந்தார். கரைவலை இழுக்கிறவர். அதே இடத்தில்தான் நோ. நான் திருப்பினால் கை முழுக்கப் போகிறது. ஆனால் கையை அசைக்காமல் என் உள்ளங்கைக்கு எதிராக வெளியே தள்ளச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. இது தசைநார். கொஞ்ச நாள் பாரத்தைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னேன்.

லண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் இருந்த டொக்டர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் வகுத்த வழி இது: நோயாளி தானே அசைப்பது, நாங்கள் அசைத்துப் பார்ப்பது, அசையாமல் எதிர்த்துத் தள்ளச் சொல்வது. எல்லாரிலும் புத்தகத்தில் உள்ளபடி பொருந்தாது. ஆனாலும் மூன்றையும் ஒவ்வொருவரிலும் செய்யுங்கள். அவுஸ்திரேலியா அடிலெய்டில் இருந்த பிசியோ மெய்ட்லன்ட் சொன்னதையும் சேருங்கள்: நோவை வரவழைக்கும் அசைவு எதுவென்று பிடித்து, சிகிச்சை செய்த கையோடு அதே அசைவைத் திரும்பப் பாருங்கள். மாறவில்லை என்றால் வேறு வழி தேட வேண்டும்.

எங்கட ஆட்கள் அங்கே வந்து 'கால் விறைக்குது' என்றால் உடனே எழுதிவிடாதீர்கள். மரத்துப்போவதற்கும் விறைப்புத்தான், மடங்காமல் இறுகுவதற்கும் விறைப்புத்தான். முதலாவது நரம்பு, இரண்டாவது பெரும்பாலும் மூட்டு. மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிடுவார். நீங்களே தமிழில் கேளுங்கள். நாரிநோவோடு வருபவரிடம் சலம் போவதில் மாற்றமா, குந்தும் இடம் மரத்திருக்கா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் மனேஜரிடம் மூட்டு, தசை வெளிநோயாளர் பிரிவில் கொஞ்சக் காலம் சுழற்சி முறையில் வேலை கேளுங்கள். கிழமைக்கு ஒரு நோயாளியையாவது ஒரு சீனியர் பக்கத்தில் நிற்கப் பாருங்கள். அதற்குப் பிறகு எம்.எஸ்சி. எடுக்கலாம், கட்டணத்தில் பங்கு தரும் பிரிவுகளும் உண்டு. மூட்டு, தசை பிசியோக்களின் சங்கமான எம்.ஏ.சி.பி. உறுப்புரிமைக்கு வழிவிடும் படிப்பா, வழிகாட்டியோடு நோயாளி பார்க்கும் 150 மணித்தியாலம் அதில் இருக்கா என்று காசு கட்ட முன்னம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.