ஆசியா என்னும் சிறுகோள்

அன்புள்ள ஐயா,

பழைய மதராஸ் வானாய்வகம் பற்றிய கட்டுரையில், 1861இல் அங்கிருந்து ‘ஆசியா’ என்ற சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அத்தனை விண்மீன்களுக்கு நடுவே அது சிறுகோள் என்று எப்படித் தெரிந்தது? ஊரின் பெயரையே வைத்திருக்கலாமே? இன்று அந்தப் பெயரில் சுற்றுவது அன்று கண்ட அதே பாறைதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூன்றாவது கேள்விதான் கனமானது. மற்ற இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன்.

1861 ஏப்ரல் 17 அன்று மதராஸ் வானாய்வகத்தின் வானியலாளர் நார்மன் போக்சன் கண்டது வெறும் ஒளிப்புள்ளி. பார்வைக்கு அது விண்மீனேதான். வரைபடத்தை வைத்துக்கொண்டு வானத்தைத் துழாவுவது அக்காலத்து முறை. வரைபடத்தில் இல்லாத புள்ளி தட்டுப்பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாள் இரவிலோ திரும்பப் பார்ப்பார்கள். நகர்ந்திருந்தால் விண்மீன் அல்ல. சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் வரும் நாட்களில், இப்படிப்பட்ட சிறுகோள் ஒரு நாளைக்கு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி தூரம் இடம்மாறும். போக்சனுக்கு இது பழகிய வேலை. இந்தியாவுக்கு வருமுன்பே மூன்றைப் பிடித்திருந்தார். அவற்றில் ஒன்று ஐசிஸ். அவர் மகளின் பெயரும் அதுதான். அந்த மகள் பின்னாளில் இதே வானாய்வகத்தில் தந்தைக்கு உதவியாளராகப் பணியாற்றினார்.

பெயர் விஷயம் எளிது. அப்போது சிறுகோள்களுக்குத் தொன்மப் பெண்களின் பெயரிடுவதே வழக்கம். கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா என்றொரு பெண் உண்டு. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோளும் இதுவே. மதராஸுக்கு அப்படியொரு தேவதை வாய்க்கவில்லை! இன்று முறை வேறு. சுற்றுப்பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் கிடைக்கும். அதன் பின் கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழியலாம். சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்க வேண்டும். 16 எழுத்துகளுக்கு மேல் கூடாது. காசுக்குப் பெயர் விற்கிறோம் என்பவர்களின் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இனி மூன்றாவது. சிறுகோளைப் பார்ப்பதைவிடத் தொலைக்காமல் இருப்பதுதான் கடினம். 1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாஸி, சீரிஸ் என்ற முதல் சிறுகோளைக் கண்டார். பிப்ரவரி 11 வரை பின்தொடர்ந்தார். பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. வெளியே வரும்போது எங்கே தேடுவது? 24 வயது ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், கைவசமிருந்த சொற்ப அளவீடுகளிலிருந்து அதன் நீள்வட்டப் பாதையைக் கணக்கிட்டார். அந்த ஆண்டின் கடைசி இரவில், அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அது அகப்பட்டது. என் கணக்கில் சீரிஸ் உண்மையாகக் கண்டுபிடிக்கப்பட்டது அன்றுதான்.

பாதை சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மில்ட்ரெட் என்ற சிறுகோள் சாட்சி. 1916இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்திலிருந்து கண்டார்கள், எண் கொடுத்தார்கள், பெயரும் வைத்தார்கள். பிறகு ஆளையே காணோம். திரும்ப அடையாளம் கண்டது 1991இல்.

ஆசியாவுக்கு அந்தக் கதி நேரவில்லை. இத்தனைக்கும் 1861இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தந்தித் தொடர்புகூடக் கிடையாது. செய்தி கப்பல் தபாலில்தான் போக வேண்டும். ஆசியா சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 3.8 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. பூமி–சூரியன் தூரத்தைப்போல் 2 மடங்குக்குச் சற்றுக் குறைவாக நெருங்கி, 2.9 மடங்கு வரை விலகுகிறது. அன்றிலிருந்து 40 சுற்றுகளுக்கு மேல் முடித்துவிட்டது. வியாழனின் ஈர்ப்பு பாதையைச் சற்றே அசைக்கும். அதையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். கணக்கு சொல்லும் இடத்தில், சொல்லும் இரவில், ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி இருக்கிறது. அதே பாறை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை.

போக்சன் மதராஸில் கண்டவை மொத்தம் ஐந்து. அவற்றில் சில்வியாவுக்கும் கமில்லாவுக்கும் தலா இரண்டு துணைக்கோள்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.