சியில் ஒரு எண், ஜாவாவில் வேறு எண்: ரேண்டம் எண்கள் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாமே கணிதவியலாளர் ஜார்ஜ் மார்சாக்லியா 2003-இல் வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் என்ற ரேண்டம் எண் உருவாக்கும் முறை பற்றியவை. அதன் 32 பிட் வடிவம் மூன்றே வரிதான்: எண்ணை 13 பிட் இடப்பக்கம் தள்ளி அதனோடே எக்ஸார் (இரண்டு எண்களின் பிட்கள் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 வைப்பது), அப்புறம் வலப்பக்கம் 17, மறுபடி இடப்பக்கம் 5.

கேள்வி: சி நிரலை அப்படியே ஜாவாவில் எழுதினேன். சீட் (தொடக்க எண்) 1. முதல் எண் இரண்டிலும் 270369. இரண்டாவது எண் சியில் 67634689, ஜாவாவில் 67601921. எங்கே தவறு?

பதில்: வலப்பக்கம் தள்ள >> போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் சுற்றில் 13 பிட் தள்ளியதுமே உச்சி பிட் 1 ஆகிவிடுகிறது. ஜாவாவின் இன்ட் என்ற முழு எண் வகைக்கு அது மைனஸ் எண். அதனால் >> காலி இடங்களை 1 கொண்டு நிரப்பும். சியில் அன்சைன்ட் (மைனஸ் இல்லாத எண் வகை) என்பதால் 0 நிரம்பும். >>> போடுங்கள், சரியாகிவிடும். முதல் சுற்றில் எண் சின்னது, பிழை தலைகாட்டவில்லை. எந்த மொழிக்கு மாற்றினாலும் ஆயிரம் எண்களையாவது சி வெளியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பைத்தானில் இரண்டாவது எண்ணே 68787111425 என்று வருகிறதே?

பதில்: பைத்தான் முழு எண்ணுக்கு 32 பிட் எல்லை கிடையாது, வெளியே விழ வேண்டிய பிட்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. இடப்பக்கம் தள்ளும்போதெல்லாம், கீழ் 32 பிட்களை மட்டும் வைத்துக்கொள்ள, & 4294967295 போடுங்கள். அச்சிடும்போது மட்டும் வெட்டினால் இரண்டாவது எண் சரியாகத் தெரியும், மூன்றாவது கெட்டுவிடும். மிஞ்சிய பிட்களை 17 பிட் ஷிஃப்ட் கீழே இழுத்துவந்துவிடுகிறது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் பாதி எண்கள் மைனஸில் வருகின்றன.

பதில்: உள்ளேயும் >>> 17 தான் இருக்க வேண்டும். அது சரியென்றால், திருப்பித் தரும் இடத்தில் மைனஸ் இல்லாத எண்ணாக மாற்ற >>> 0 போதும்.

கேள்வி: எனக்கு எப்போதும் 0 மட்டுமே.

பதில்: சீட் 0 கொடுத்திருப்பீர்கள். பூஜ்யத்தை எப்படித் தள்ளினாலும் பூஜ்யம்தான். வேறு எந்த 32 பிட் எண்ணும் சரி.

கேள்வி: வேகமாக இருக்கிறது, ஓடிபி உருவாக்கவும் இதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. இதில் வெளிவரும் எண்தான் உள்நிலையும், அதாவது அடுத்த எண்ணைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் எண்ணும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்தவர் அடுத்து வரும் அத்தனையையும் கணக்கிட்டுவிடலாம். பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். ஓடிபிக்கு இந்த வேகம் தேவையே இல்லை.